அண்ணன் மறந்தால் அடி எனக்கு

தோட்டப் பள்ளிக்கூடத்தின் ஒற்றை அறை. பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கியிருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கே வெளியில் பனி இறங்கிவிட்டது. அறைக்குள் ஈரச் சாக்கும் சுண்ணாம்பும் கலந்த ஒரு வாடை.

நடுவில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். நாடக ஒத்திகையில் ஒரு வசனத்தின் பாதியில் நின்று போயிருந்தான். அப்பா மேசையில் இருந்த பிரம்பை எடுத்தார்.

"கையை நீட்டு."

அண்ணன் கையை நீட்டினான். அப்பா அவனைப் பார்க்கவில்லை.

"நீ இல்லடா. சின்னவன் வரட்டும்."

நான் மூலையில் வசனக் கொப்பியோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது பதினொரு வயது. என்ன நடக்கிறது என்று புரியாமலே எழுந்து போய்க் கையை நீட்டினேன். ஓர் அடிதான். ஆனால் அது தோள்வரை ஏறியது.

அப்பா பிரம்பைத் திரும்ப மேசையில் வைத்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அண்ணனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர் மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"நீ வாங்குனா அடுத்த நிமிசமே மறந்துருவ. தம்பி வாங்குனா மறக்க மாட்ட. எங்க, முதல்லேருந்து சொல்லு."

ஒரு வாசகியின் கேள்வி

இந்தத் தொடரில் இத்தனை வாரமாக அப்பா தலைகாட்டவே இல்லையே என்று ஹட்டனிலிருந்து ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. அம்மாவைப் பற்றி எழுதினேன். பள்ளிக்கூடத்தைப் பற்றி, மழையைப் பற்றி, காலில் ஏறும் அட்டையைப் பற்றிக்கூட எழுதிவிட்டேன். அப்பாவை எழுத உட்காரும்போதெல்லாம் வேறு ஏதாவது வேலை வந்துவிடுகிறது.

உண்மையைச் சொன்னால் எனக்கு இன்னமும் அவரிடம் பயம். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது. பேனாவைத் திறந்ததும் வாசலில் அவர் செருமுகிற சத்தம் கேட்கிறது. வேலை விட்டு வரும்போது படிக்கட்டுக்குக் கீழேயே ஒரு செருமல் செருமுவார். அதைக் கேட்டதும் அம்மா அடுப்பை ஊதுவாள், அண்ணன் புத்தகத்தைத் திறப்பான், நான் வெறுமனே எழுந்து நிற்பேன்.

எங்கள் தோட்டம் தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனை போகிற பாதையில் இருந்தது. அப்பா அங்கே கணக்கப்பிள்ளை. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்புவதும் வேலையை மேற்பார்ப்பதும் அவர் பொறுப்பு. கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை. வேலாயுதம் கணக்கப்பிள்ளை வருகிறார் என்றால் கொழுந்தெடுக்கிற பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

அவருடைய அப்பா தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து லயத்திலேயே செத்தவர். அப்பா யாரிடமும் போகாமல் தானாகவே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர். இருபது வயதில், தோட்டத்தை நிர்வகித்த அன்றைய துரையின் முன்னால் போய் நின்று ஆபீஸில் ஏதாவது வேலை கேட்டாராம். துரை சிரித்துவிட்டு, பெரிய கங்காணியைக் கூப்பிட்டு, இவனை நாளைக்குப் புல் வெட்ட அனுப்பு என்றாராம். அம்மாதான் இதை என்னிடம் சொன்னாள். அப்பா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

துரை நாடகம் பார்க்க வருகிறார்

அண்ணன் பெயர் தங்கராசு. என்னைவிட ஏழு வயது மூத்தவன். தலவாக்கலைப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்து சீனியர் பாஸ் பண்ணியிருந்தான். எங்கள் தோட்டத்தில் அதுவரை யாரும் அவ்வளவு படித்ததில்லை. நல்ல உயரம், கரிய நிறம், மெல்லிய குரல். நாலு பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் அந்தக் குரலும் உள்ளே போய்விடும். மற்றபடி என்னோடு ஓயாமல் பேசுவான். எந்த லொறி மேட்டில் எந்த கியரில் ஏறும் என்று சத்தத்தை வைத்தே சொல்வான்.

அந்த வருஷம் ஆபீஸில் ஒரு கிளாக்கர் வேலை காலியானது. அதே சமயத்தில் ஒரு புதுத் துரையும் வந்து சேர்ந்தார். அவர் நாடகப் பிரியர், தன் சொந்த ஊரில் மேடை ஏறியவர் என்று பங்களா சமையல்காரர் சொன்னது அப்பா காதுக்கு எட்டியது.

அப்பா எழுதத் தொடங்கிவிட்டார். தோட்டத்து நாடகங்களுக்கெல்லாம் அவர்தான் வாத்தியார். ஆனால் இது புது மாதிரி. ஒரு வயதான ராஜா. அவர் நாட்டைப் பிடித்துக்கொள்ள அந்நிய தேசத்துத் தூதன் வருகிறான். தூதன் இங்கிலீஷில் மிரட்டுவான். இளவரசன் இங்கிலீஷிலேயே பதில் சொல்லி அவனை மண்டியிட வைப்பான். இளவரசன் எங்கள் அண்ணன். தூதன் பள்ளிக்கூட மாஸ்டர். 'வீரமைந்தன் வெற்றி' என்று பெயர் வைத்தார்.

கோயில் திருவிழாவின் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாடகம். ராத்திரி வைத்தால் துரை வரமாட்டார் என்பதால் பகலிலேயே ஏற்பாடு. அப்பா பெரட்டில் வைத்துத் துரையை அழைத்தார். வந்து பார்க்கிறேன், உன் மகனையும் பார்க்கிறேன் என்றாராம் துரை. அவர் சொன்னது அவ்வளவுதான். அப்பா அதற்கு வேலை கொடுக்கிறேன் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்.

ஒத்திகை ஒன்றரை மாதம் நடந்தது. தமிழ் வசனத்தை அண்ணன் எப்படியோ சொல்லிவிடுவான். இங்கிலீஷ் பேச்சு வரும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. அப்பாவுக்குத்தான் தெரியாது. மாஸ்டர் எழுதிக் கொடுத்ததைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சரி பார்ப்பார். அண்ணன் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னாலும், அது சரியான இங்கிலீஷாகவே இருந்தாலும், தப்பு தப்புத்தான்.

அப்பா தப்புகளை விரலில் எண்ணுவார். முதல் தப்புக்கு ஒரு விரலை உயர்த்திக் காட்டுவார், அடுத்ததற்கு இரண்டாவது. ஒத்திகை முடிந்ததும் எத்தனை விரலோ அத்தனை அடி எனக்கு.

அம்மா என் உள்ளங்கையில் நல்லெண்ணெய் தடவுவாள். ஒரே ஒரு நாள் அப்பாவிடம் வாய் திறந்தாள். அவர் கத்தவில்லை. அன்றும் மறுநாளும் அவள் கையால் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவளே போய் மன்னிப்புக் கேட்டாள். அதன்பிறகு அவளுக்கும் பயம்.

இரண்டாம் வாரத்திலிருந்து அண்ணன் ஒத்திகைக்குப் போகும் முன்பு வாந்தி எடுக்க ஆரம்பித்தான். லயத்துக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கானோரம் குந்திக்கொண்டு எடுப்பான். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றுவேன். வாயைத் துடைத்துக்கொண்டு என் கையைத் திருப்பிப் பார்ப்பான். இருவரும் சேர்ந்தே பள்ளிக்கூடத்துக்கு நடப்போம்.

இதில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் நான் அப்பாவை வெறுக்கவில்லை. அண்ணனைத்தான் வெறுத்தேன். அவ்வளவு படித்தவனுக்கு இருபது வரி நிற்காதா என்று உள்ளுக்குள் திட்டுவேன். கேட்டுக் கேட்டே எனக்கு முழு நாடகமும் மனப்பாடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

பெரட்டுக்களத்தில் மேடை போட்டிருந்தார்கள். தேயிலைச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து, சுண்ணாம்பும் நீலமும் பூசி, அரண்மனைத் திரை. அன்று காலை அண்ணன் தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாஸ்டர் அவன் முகத்துக்கு அரிதாரம் பூசும்போது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

"நா இன்னைக்கி மறந்தாலும் ஒனக்குத்தான் விழும், இல்லியா?"

"இன்னைக்கி அடிக்க மாட்டாரு. தொரை இருப்பாரு."

"தொரை போனதுக்குப் பொறகு?"

எனக்கும் அதே யோசனைதான்.

மூன்று மணிக்குத் துரையின் கார் வந்தது. துரையும் துரைசாணியும் முன்னால் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரிய கிளாக்கர், மலை வேலைகளுக்கு மேலாளான கண்டாக்கு, அதற்குப் பின்னால் தோட்டம் முழுவதும். நான் மேடையின் இடது பக்கத் துணிக்குப் பின்னால் கொப்பியோடு நின்றேன். வசனத்தை எடுத்துக் கொடுப்பது என் வேலை. எதிரே, வலது பக்கத் துணிக்குப் பின்னால் அப்பா. இடையில் மேடை.

முதல் காட்சி நன்றாகவே போனது. பபூன் வேஷம் கட்டிய மருதமுத்து, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள், துரைசாணியையே சிரிக்க வைத்துவிட்டான். பிறகு தூதன் வந்தான். மாஸ்டர் கடகடவென்று இங்கிலீஷில் மிரட்டினார். துரை கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

அண்ணன் ஓர் அடி எடுத்து வைத்தான். "மை லார்ட்" என்றான்.

அதற்கு மேல் வரவில்லை.

நான் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவனுக்குக் கேட்டது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவன் என் பக்கம் திரும்பவில்லை. எதிர்ப்பக்கம் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா ஒரு விரலை உயர்த்தியிருந்தார்.

மறுபடியும் எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் வாயைத் திறந்தான். ஒரு சத்தம் வந்தது, சொல் வரவில்லை. இரண்டாவது விரல் உயர்ந்தது.

கூட்டத்தில் ஒரு குழந்தை அழுதது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். பனி மேட்டிலிருந்து இறங்கி மேடையின் விளிம்புவரை வந்துவிட்டிருந்தது. என் விரல்கள் விறைத்துப்போய்க் கொப்பியின் தாளைத் திருப்ப முடியவில்லை.

மூன்றாவது விரல்.

அண்ணன் தலையிலிருந்த காகிதக் கிரீடத்தை இரண்டு கையாலும் கழற்றினான். அதைச் சிம்மாசனத்தில் வைத்தான். மேடையின் முன்பக்கத்தால் கீழே குதித்தான். துரையின் நாற்காலியைத் தாண்டி, உட்கார்ந்திருந்த சனங்கள் கால்களை ஒதுக்கிக்கொடுக்க, நடந்தான். ஓடவில்லை. சிவப்புப் பட்டு அங்கி தேயிலைச் செடிகளில் மாட்டி மாட்டி இழுபட, மேட்டுப் பாதையில் ஏறினான். பனி அவனை மூடும்வரை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்பா மேடை ஏறினார்

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அப்பா கோட்டோடும் தலைப்பாகையோடும் மேடைக்கு வந்தார். சிம்மாசனத்திலிருந்து கிரீடத்தை எடுத்துத் தலைப்பாகை மேலேயே வைத்துக்கொண்டார். தூதனுக்கு எதிரே போய் நின்றார். ஐம்பது வயது இளவரசன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரைப் பார்த்துச் சிரிக்கிற தைரியம் அந்தத் தோட்டத்தில் யாருக்கும் இல்லை.

"மை லார்ட்" என்றார் அப்பா. குரல் கணீரென்று இருந்தது. "ஐ ஹேவ் கம் டு..."

நின்றுவிட்டார்.

ஒன்றரை மாதமாக ஒவ்வொரு சொல்லாக விரலால் தொட்ட மனிதர். கொப்பி கையில் இல்லை. முன்னால் துரை உட்கார்ந்திருந்தார். வலது கை கோட்டின் பொத்தானைத் திருகியது. பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார்.

அந்தக் கண்களை எனக்குத் தெரியும். ஒன்றரை மாதமாகத் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அதே கண்களைத்தான் அண்ணன் முகத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அப்பாவின் முகத்திலும் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

அடுத்த சொல் என் நாக்கில் இருந்தது. நான் சொல்லவில்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இரண்டு மூச்சு இருக்கலாம், மூன்று இருக்கலாம். பழி வாங்கினேனா என்று பிற்காலத்தில் என்னையே கேட்டிருக்கிறேன். கொஞ்சம் அதுவும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக இருந்தது பயம். அவரே பயப்படுவதைப் பார்த்ததும், இனி எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று தெரியாத ஒரு பயம்.

பிறகு சொன்னேன். அவர் வாங்கிச் சொன்னார். அடுத்த சொல், அதற்கடுத்த சொல் என்று கடைசி வரி வரைக்கும் நான் சொல்லச் சொல்ல அவர் சொன்னார். மாஸ்டர் மண்டியிட்டார். துரை இரண்டு மூன்று தரம் கைதட்டினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். பனி வந்துவிட்டது, பாதை தெரியாது என்று டிரைவர் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். கடைசிக் காட்சி துரை இல்லாமலே நடந்தது.

நான் துணிக்குப் பின்னாலேயே காத்திருந்தேன். மூன்று விரல், மூன்று அடி. அப்பா வரவில்லை. வீட்டிலும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் வரும் என்று இருந்தேன், அதற்கு மறுநாள் வரும் என்று இருந்தேன். வாசலில் செருமல் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். அந்த மூன்று அடியும் கடைசிவரை விழவில்லை. ஆனால் விழுந்த அடிகளையெல்லாம் மறந்துவிட்டேன், விழாத மூன்றும்தான் இன்னும் நினைவிருக்கிறது.

பொகவந்தலாவை

அண்ணன் மலை ஏறி இறங்கி, இரண்டாம் நாள் பொகவந்தலாவையில் மாமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான் என்று தகவல் வந்தது. அங்கேயே கிடக்கட்டும் என்றார் அப்பா. அண்ணன் அங்கேயே இருந்துவிட்டான். கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் முதலாளியின் லொறியில் கிளீனராகச் சேர்ந்து, பிறகு டிரைவரானான். அந்த நானா அவனைத் தன் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார்.

வருஷத்துக்கு இரண்டு தடவை அம்மாவும் நானும் பஸ் ஏறிப் போய் அவனைப் பார்த்து வருவோம். அவன் வீட்டுக்கு வரமாட்டான். முதல் தடவை போனபோதே, ஏன் அப்படி இறங்கிப் போனாய் என்று கேட்டேன்.

"நின்னா நாலாவது வெரலும் வந்துரும்னு தோணுச்சி. மூணோட போகட்டும்னுதான் எறங்கிட்டேன்."

போகும்போதெல்லாம் அந்தக் கிளாக்கர் வேலையைப் பற்றிக் கேட்பான். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார் என்பேன். தன்னால்தான் அது போனது, அப்பாவின் வாழ்நாள் ஆசை தன் தொண்டையில் சிக்கிச் செத்தது என்று நம்பினான். அதனால்தான் வீட்டுக்கு வர மறுத்தான். எந்த முகத்தோடு அவர் முன்னால் நிற்பது என்று அம்மாவிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறான்.

பத்து வருஷம் இப்படியே போனது. நான் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்திலேயே மாஸ்டரானேன். பெரிய கிளாக்கர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஊருக்குப் புறப்பட்ட வாரம், அவருக்குப் பெட்டி கட்ட உதவப் போயிருந்தேன். பேச்சோடு பேச்சாக அந்த நாடகத்தை நினைவுபடுத்தினார். பாவம் உன் அப்பா என்றார். அந்த வேலைக்குக் கொழும்பு ஆளை எடுத்துக்கொண்டு கடிதம் போனது நாடகத்துக்கு இரண்டு வாரம் முந்தி. அதை டைப் அடித்ததே பெரிய கிளாக்கர்தானாம். துரை நாடகம் பார்க்க வந்தது வெறும் மரியாதைக்கு.

அப்பாவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். நாடகத்துக்கு மறுநாள் காலையிலேயே உன் அப்பா ஆபீஸுக்கு வந்தார், நானே சொன்னேன் என்றார். அப்பா கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். பிறகு, இது தன் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாராம்.

அன்று சாயங்காலம்தான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அப்பாவை ஒரு கேள்வி கேட்டேன். அவர் வேலையை விட்டிருந்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக அண்ணனிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன்.

"பயமா இருந்துச்சி" என்றார். "அந்த வேல மொதல்லயே இல்லேன்னு தெரிஞ்சா, அப்ப எதுக்குப்பா தம்பியப் போட்டு அடிச்சேன்னு கேப்பான். நா என்னா சொல்றது?"

அம்மா ரொட்டியைத் திருப்ப மறந்துவிட்டாள். கருகுகிற வாசனை வந்தது.

நான் எல்லாவற்றையும் எழுதி அண்ணனுக்குக் கடிதம் போட்டேன். அப்பா சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தையும் எழுதினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பஸ்ஸில் அவன் வந்து இறங்கினான். உடம்பு பெருத்திருந்தது. உள்ளங்கைகள் காய்த்துப் போயிருந்தன.

அப்பா எழுந்து நின்றார். அவர் யாருக்கும் எழுந்து நிற்பவரல்ல. அண்ணன் அவர் காலைத் தொட்டான். மழையைப் பற்றிப் பேசினார்கள். நானாவின் புது லொறியைப் பற்றி, பொகவந்தலாவைப் பாதையில் மண் சரிந்ததைப் பற்றிப் பேசினார்கள். ஒவ்வொரு பேச்சும் முடிகிற இடத்தில் அப்பா அண்ணனின் வாயைப் பார்ப்பார். சாப்பிடும்போதும் பார்த்தார். அண்ணன் தண்ணீர் குடிக்கச் செம்பை எடுத்தால்கூட அவர் கை சோற்றில் அப்படியே நின்றது.

மாலைப் பஸ்ஸுக்கு மூன்று பேரும் பாதைக்கு இறங்கினோம். அண்ணன் படியில் ஏறி நின்று, அடுத்த மாசமும் வருகிறேன் அப்பா என்றான். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். பஸ் வளைவில் திரும்பி, அதன் சத்தமும் தேய்ந்து நின்ற பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கேக்கல" என்றார். "அவன் கேக்கவே இல்ல."

மேட்டில் ஏறி வீடு சேரும்வரை அவர் கையை என் தோளிலிருந்து எடுக்கவே இல்லை.